பதினோரு ஓட்டை

"கொழந்தைக்கு ஒடம்புக்கு இன்னா சார்?"

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா இப்படிக் கேட்டதும், தயாளன் மடியிலிருந்த மூட்டையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். பழைய போர்வையில் சுற்றிய மூட்டை. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் பேண்ட்டை நனைத்து, அந்த அம்மாவின் செருப்பு வரைக்கும் போயிருந்தது.

"கொழந்தை இல்லம்மா. ரேடியேட்டர்."

அந்த அம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள்.

தயாளனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. செம்பாக்கத்தில் அவர் தெருவுக்குள் முதன்முதலாக வந்த கார் அவருடையதுதான். எழுபத்தெட்டில் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது. இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது ரேடியேட்டர் ஒழுகுகிறது, அவ்வளவுதானே?

முன்பு அதில் ஐந்து பேர் போனார்கள். ஒழுக ஆரம்பித்த பிறகு மூன்று பேரும் நான்கு தண்ணீர்க் கேன்களும் போனார்கள். போன கோடையில் கோவளத்துக்குக் கிளம்பினார்கள். கடலைப் பார்ப்பதற்குள் வழியிலிருந்த அத்தனை அடிபம்பையும் பார்த்தாகிவிட்டது.

போன மாதம் மகள் ஜாஸ்மினுக்குப் பிரசவ வலி. சேலையூரைத் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. மனைவி கிருபா மகளை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். தயாளன் போகவில்லை. காரை எப்படி நடுரோட்டில் தனியாக விட்டுவிட்டுப் போவது? பேரன் பிறந்து இரண்டு மணி நேரம் கழித்து, கையில் காலிக் கேனோடு வார்டுக்குள் நுழைந்தார்.

கிருபா சண்டை போடவில்லை. தினமும் காரைத் திட்டித் தீர்த்தவள், அன்றிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருவழியாக அவளுக்கும் காரின் அருமை புரிந்துவிட்டது என்று தயாளன் நினைத்துக்கொண்டார்.

இன்று காலை அவரே ஸ்பேனரைப் பிடித்து ரேடியேட்டரைக் கழற்றியபோது, பக்கத்தில் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஆர்.சி. புக் எங்கங்க இருக்கு?"

"எதுக்கு?"

"எங்க இருக்குன்னு எனக்கும் தெரிய வேணாமா?"

"பீரோல, உன் புடவைக்கு அடியில. உங்கப்பா உன் பேர்லதானே வாங்கினாரு!" என்று சிரித்தார் தயாளன். பேர் அவளுடையது. ஸ்டீயரிங்கைத் தொடத்தான் அவளுக்கு இதுவரை அனுமதி கிடைத்ததில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ரேடியேட்டர் கடை வைத்திருக்கும் ஷாகுல் மூட்டையைப் பிரித்தான். குழாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்தான். உலை கொதிப்பது போலத் தொட்டி முழுக்கக் குமிழி.

"இன்னா சார் இது, காபி ஃபில்டர் மாறி கீது? பதினோரு ஓட்ட. நான் இங்க பத்த வெச்சா அங்க புட்டுக்கும். பேசாம புச்சா ஒண்ணு மாத்திடு சார்."

"புதுசு போடச் சொல்லிட்டு, இந்தப் பித்தளைய நீ உருக்கிடலாம்னு பாக்குறியா? ஒரிஜினல்ப்பா இது!"

"ஒரிஜினல்தான் சார். ஓட்டயும் ஒரிஜினல்."

தயாளன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ரேடியேட்டருக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டார். டீக்கு எழுந்திருக்கவில்லை. ஒன்றுக்குப் போவதற்குக்கூட எழுந்திருக்கவில்லை. அந்தக் கண்கொத்திப் பாம்புக் காவலில் ஷாகுலுக்கு இரண்டு தடவை கை சுட்டது.

மதியம் கிருபா போன் செய்தாள்.

"முடிஞ்சிடுச்சாங்க?"

"இன்னும் நாலு ஓட்டை பாக்கி."

"அவசரப்படாதீங்க. கொஞ்சம் அசந்தா மாத்திடுவாங்க. பக்கத்துலயே இருந்து முழுசா முடிச்சு எடுத்துட்டு வாங்க."

இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை! தயாளனுக்குக் கண் கலங்கியது. சால்டரிங் புகை என்று ஷாகுலிடம் சொல்லிச் சமாளித்தார்.

மூன்று மணிக்கு மறுபடி தொட்டியில் முக்கினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. மூட்டையை அணைத்துக்கொண்டு, இந்த முறை நனையாமல், ராஜா மாதிரி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

வீட்டு கேட் திறந்திருந்தது. கார் நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது.

ஒரு நிமிஷம் அந்தக் கறையையே சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த நிமிஷம் தயாளனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரேடியேட்டரே இல்லாத காரையா திருடினான், அறிவுகெட்டவன்! தள்ளிக்கொண்டுதான் போயிருப்பான். தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான்.

மூட்டையோடு தெருவின் மறுமுனைக்கு ஓடினார். கார் அங்கேதான் இருந்தது, ஒரு லாரியின் மேலே, நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியபடி. லாரியின் பக்கவாட்டில் 'பென்னி பழைய இரும்பு' என்று பெரிதாக எழுதியிருந்தது. நிழலில் கிருபா நின்றிருந்தாள்.

"கிருபா! என்னடி இதெல்லாம்?"

"எல்லா ஓட்டையும் அடைச்சிட்டாங்களா?" என்று அக்கறையாகக் கேட்டாள் அவள்.

லாரியிலிருந்து குதித்து வந்த பென்னி, குழந்தையை வாங்குவது போல இரண்டு கையையும் நீட்டினான்.

"இப்டி குடு சார். அதையும் சேத்துத்தான் அக்கா வெல பேசிச்சு."