கேட்காத கடவுச்சொல்

என் மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் இல்லை. அது பழுதானபோது, லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைத் தம்பி கார்த்தி தந்தான். அதைச் செருகினால் கணினி இயங்கும். அணைத்தால் அனைத்தையும் மறந்துவிடும். ஆகவே காலைதோறும் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கும்.

திங்களன்று கேட்கவில்லை. ‘ஹரிஹரன்’ என்னும் ஹாட்ஸ்பாட்டில் தானாகவே இணைந்திருந்தது. ஹரிஹரன் என் கணவர். நெம்மேலிக் கடலில் குளிக்க இறங்கியவர், இரண்டாண்டுகளாகத் திரும்பவில்லை. இறங்கும்போது கைப்பேசி அவர் போட்டிருந்த சட்டையின் பையில் இருந்தது.

கார்த்தியை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். “வெளையாட உனக்கு வேற எதுவும் கெடைக்கலியா?”

“இன்னாக்கா, மாமா பேர்ல போயி வெளையாடுவேனா? அந்தப் பென்டிரைவ் மறதி கேஸு, அதுவா எதையும் ஞாபகம் வெச்சிருக்காது. பக்கத்து வூட்ல எவனாச்சும் அந்தப் பேர் வெச்சிகினு இருப்பான்.”

“அப்போ பாஸ்வேர்டு கேக்காம எப்படிச் சேந்துது?”



அந்தக் கடவுச்சொல்லை, நான் எத்தனை முறை கேட்டும் ஹரிஹரன் தந்ததில்லை. இப்போது கேளாமலே தருகிறார்.

திங்களன்று சிக்னலில் ஒரு கோடுதான் இருந்தது. நேற்று இரண்டு. இன்று காலை எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தன. கைப்பேசி வீட்டு வாசலில் இருந்தால்தான் அப்படி நிறையும்.

அழைப்பு மணி அடிக்கிறது. இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று சொல்லாதவரை நான் கதவைத் திறப்பதாக இல்லை.