கூடுதல் புறா

“குடிக்கிறவன் புறா வளர்க்கிறது எதுக்கு? எண்ணெய்ல போட்டு எடுக்கத்தான்.”

மாடிப்படியில் நின்று டோ ஓன் ச்சீ அம்மையார் தீர்ப்புச் சொன்ன பிறகு, எங்கள் ரங்கூன் கட்டிடத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

குற்றவாளி ஐந்தாம் மாடி நே டுன். டாக்ஸி ஓட்டுகிறவன். வாய் நிறைய வெற்றிலை, பொழுது சாய்ந்தால் பீர். புத்தர் கோயில், பகோடா பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். அவன் பால்கனியில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் ஒரு புறாக்குஞ்சு, மஞ்சள் மயிர்கூட உதிராமல், பார்க்கச் சகிக்காது. காலையில் தெருவில் வருகிற பட்டாணிக்காரியிடம் அவித்த பட்டாணி வாங்கி, அலகைப் பிரித்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவான்.

“கொழுக்க வைக்கிறான். சீக்கிரம் வாசனை வரும் பாருங்க” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

டோ ஓன் ச்சீ புண்ணியத்தை மொத்த வியாபாரமாகச் செய்கிறவர். அந்த மாதம்தான் பிறந்தநாள் கொண்டாடியிருந்தார். இங்கே வழக்கம், வயது எத்தனையோ அத்தனை பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுவது. அதற்கு மேலும் ஒன்று, வரப்போகிற ஆயுசுக்காக. அம்மையார் பகோடா வாசலில் குருவியும் புறாவுமாக வாங்கி, கூண்டு கூண்டாகத் திறந்துவிட்டார். அண்ணன் மகள் போனில் படம் பிடித்தாள். விடுவதற்காகவே பிடித்துவந்த பறவைகள் அவை. அதைக் கேட்டால் புண்ணியம் குறைந்துவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை.

பௌர்ணமியன்று காலை, அண்ணன் மகளோடும் போனோடும் அம்மையார் ஐந்தாம் மாடிக்கு ஏறினார். பின்னாலேயே நாங்கள். வேடிக்கை பார்க்கப் போகும்போது யாருக்கும் மூட்டு வலிப்பதில்லை.

“நே டுன், கூடையை எடு. நல்ல நாள் அதுவுமா அந்த உயிரை நான் விடுதலை பண்ணப்போறேன்.”

காசு கொடுத்து வாங்காத பறவை. புண்ணியம் முழுசாக லாபம்.

“அதுக்குப் பறக்க வராது பெரியம்மா.”

“அடைச்சு வெச்சிருக்கிறவன் எல்லாம் இதைத்தான் சொல்வான்.”

“ஒரு இறக்கை ஒடிஞ்சிருக்கு. தொட்டுப் பாருங்க. ஆறினதும் நானே விட்டுடுறேன்.”

“எப்போ? பீர் பாட்டிலைத் திறந்த பிறகா?”

எல்லோரும் சிரித்தோம். அம்மையார் கூடையைத் தானே திறந்து குஞ்சை எடுத்துவிட்டார். பால்கனிக் கம்பிக்கு வெளியே கை நீண்டது.

“கீழ தார் ரோடு பெரியம்மா” என்றான் நே டுன். அவன் குரல் இறங்கிவிட்டது.

“அதுக்குக் கர்மா நல்லா இருந்தா பிழைக்கும். படம் வருதாடி?”

“இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க அத்தை.”

அந்தக் கைக்குள் குஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று நானும் ஒரு அடி முன்னால் நகர்ந்தேன்.

நே டுன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

“சரி, போடுங்க. உங்க பறவை, உங்க இஷ்டம்.”

“என் பறவையா?”

“உங்க பிறந்தநாள் அன்னிக்குப் பகோடா வாசல்ல சவாரிக்கு நின்னேன். எண்ணிக்கை இடிக்குதேன்னு பறவைக்காரன் கூட்டுலேர்ந்து ஒரு குஞ்சை எடுத்துக் கூண்டுல சேர்த்தான். மத்ததெல்லாம் மேல போச்சு, இது படிக்கட்டுல விழுந்துச்சு. நீங்க படம் நல்லா வந்திருக்கான்னு பார்த்துட்டு இருந்தீங்க.”

“நிஜமாவா?”

“வயசுக்கு மேல ஒண்ணு விட்டீங்களே பெரியம்மா, அது இதுதான்.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்ல உள்ளே வந்தது. பச்சைப் பிள்ளையைப் போல அம்மையார் குஞ்சை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“போனை அணைடி” என்றார் அண்ணன் மகளிடம்.

மறுநாளே கால்நடை மருத்துவர் வந்து இறக்கைக்குக் கட்டுப் போட்டார், அம்மையார் செலவில். கம்பு வந்தது, சோளம் வந்தது, குளிருக்குப் போர்த்தக் கம்பளித் துணி வந்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் சொந்த அக்காவை ஒரு தரம் எட்டிப் பார்க்காதவர், தினமும் ஐந்து மாடி ஏறி “எச்சம் சரியாப் போச்சா?” என்று விசாரித்தார். குஞ்சு தும்மினால் அம்மையாருக்கு வியர்த்தது. இரண்டாம் மாடிக்காரர்கூடப் படியில் நே டுனைப் பார்த்தால் புறாவின் உடல்நலம் கேட்டார்.

ஒருநாள் நானும் மேலே போனேன். பட்டாணியை நசுக்கி ஊட்டிக்கொண்டிருந்தான்.

“அவங்க பறவைன்னு தெரிஞ்சும் ஏன்பா இத்தனை நாளா சொல்லாம இருந்தே? முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சு வந்திருக்காதே.”

“நான் என்னிக்குப் பகோடாவுக்குப் போனேன்?” என்றான் நே டுன், அலகிலிருந்து கண்ணை எடுக்காமல். “இது நம்ம தண்ணித் தொட்டிக்குக் கீழ கிடந்த குஞ்சு. இறக்கை ஒடிஞ்சிருக்குன்னு முதல்ல உண்மையைத்தானே சொன்னேன், உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?”