இருபத்திரண்டு இதயங்கள்

ஜெயகுமாரி டீச்சர் அட்டைப்பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். சிவப்பு சார்ட் பேப்பரில் வெட்டிய இதயங்கள் பொலபொலவென்று கொட்டின. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இருபத்திரண்டு இதயம், இருபத்திரண்டிலும் அவர் பெயர்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தூர் சபையில் பதினான்கு வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறார். அன்பு, இரக்கம், சுத்த இருதயம் என்று பாடம் எதுவானாலும் கையில் ஸ்கேல் இல்லாமல் நடத்தியதே இல்லை. அவ்வளவு அர்ப்பணிப்பு!

போன வாரம் அவர் வெதுருகுப்பத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டதால், வகுப்பை ஈவ்லின்தான் எடுத்தாள். அவள் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்துவாள். "இது க்ளாஸா, கூட்டாஞ்சோறா?" என்று டீச்சர் பலமுறை கேட்டிருக்கிறார்.

பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த சுஜிதாவைக் கூப்பிட்டார். ஏழு வயசு வாயாடி.

"இதெல்லாம் என்னடி?"

"ஈவ்லின் அக்கா ஆளுக்கொரு ஹார்ட்டு வெட்டி ஒரு பேரு எழுதச் சொன்னாங்க டீச்சர். அவங்களுக்கோசரம் ஏழு நாளு ஜெபம் பண்ணிக்கினே இருக்கணுமாம். அப்புறம் வந்து..."

"போதும், போதும். போய் வரிசையில நில்லு."

இதயங்களில் இருந்த பெயர்களைப் போலவே பெட்டியின் மேலேயும் ஈவ்லின் ஸ்கெட்ச் பேனாவால் ஏதோ தெலுங்கில் எழுதி ஒட்டியிருந்தாள். வீட்டில் தமிழ் பேசினாலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பதும் எழுதுவதும் தெலுங்குதான். டீச்சரோ காட்பாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தெலுங்கில் பேரம் பேசுவார், சண்டையும் போடுவார், படிக்க மட்டும் வராது. ஆதார் அட்டையில் பார்த்துப் பார்த்து, தன் பெயரை மட்டும் அடையாளம் தெரியும். இன்றைக்கு அது போதுமே!

ஏனென்றால் இன்று ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளிக்குப் புது சூப்பரிண்டெண்டை அறிவிக்கப் போகிறார்கள். ஒன்று ஈவ்லின், இல்லாவிட்டால் இவர். பதினான்கு வருட ஆசை. நேற்று ராத்திரி சாப்பாடுகூட இறங்கவில்லை. நல்லவேளையாக ஈவ்லின் பரீட்சை எழுத விடியற்காலையே திருப்பதிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

டீச்சர் இதயங்களைக் காணிக்கைத் தட்டில் அழகாக அடுக்கி எடுத்துக்கொண்டு போதகர் ஞானசிங்கின் அறைக்குள் நுழைந்தார். போதகர் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டே மாதம்தான் ஆகிறது.

"எல்லாம் தெலுங்குலல்லா இருக்கு? என்ன எழுதியிருக்காவ?"

"என் பேருதாங்கய்யா. நான் ஊர்லயே இல்ல, அப்பவும் புள்ளைங்க எனக்காக ஏழு நாளும் ஜெபம் பண்ணியிருக்குதுங்க." டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை.

"ஈவ்லின் பேரு எத்தனையில இருக்கு?"

"ஒண்ணுலகூட இல்லீங்கய்யா, பாவம்." அந்தப் 'பாவம்' மட்டும் நடிப்பு.

போதகர் தட்டிலிருந்த இதயங்களைப் புரட்டிப் பார்த்தார். நேற்றுவரை அவர் மனசு ஈவ்லின் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"பிறகு நாம முடிவு பண்ண என்ன இருக்கு? பிள்ளைகளே ஓட்டுப் போட்டுட்டாவளே!"

ஆராதனை முடிந்தது. போதகர் பெயரை அறிவித்தார். கைதட்டல். சபைச் செயலாளர் சாம்ராஜ் எழுந்துவந்து சால்வை போர்த்தினார். பிள்ளைகள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

அத்தோடு மேடையிலிருந்து இறங்கியிருக்கலாம். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருடம் தன்னைக் கடுகடுப்பு என்று முதுகுக்குப் பின்னால் பேசிய சபையாயிற்றே, நேரிலேயே கேட்கட்டும். மைக்கை வாங்கினார்.

"அன்ப பாடமா சொல்லிக் குடுத்தா பத்தாதுங்க. புள்ளைங்க இருதயத்துல எழுதணும். எழுதியிருக்கேனா இல்லையான்னு அதுங்களே சொல்லட்டும்." தட்டை உயர்த்திக் காட்டினார். "சுஜிதா, இங்க வாம்மா."

'வாம்மா'வைக் கேட்டு சுஜிதா திடுக்கிட்டுப் போனாள். பதினான்கு வருடத்தில் எந்தப் பிள்ளையும் கேட்காத வார்த்தை. தயங்கித் தயங்கி மேடைக்கு வந்தாள். டீச்சர் அவளை அணைத்துக்கொண்டு மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"வெக்கப்படாம சொல்லும்மா. எத்தினியோ பேரு இருக்கும்போது நீங்க அத்தினி பேரும் ஏன் என் பேர எழுதுனீங்க?"

"நெஜத்த சொன்னா அடிக்க மாட்டீங்களே டீச்சர்?"

சபை சிரித்தது. டீச்சரும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"இன்னிக்கு யாராவது அடிப்பாங்களா? நல்லா சத்தமா சொல்லு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்."

சுஜிதா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எதிரி பேர எழுதச் சொன்னாங்க டீச்சர், எங்களுக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்!"