செல்வரத்தினத்தின் முறை

நண்டுகளைக் கூழ்ப்பானைக்குள் போட்டது செல்வரத்தினத்தின் தாய்தான்.

நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓடுகள் பானையின் விளிம்பில் தட்டி உள்ளே விழுந்தன.

மண்கும்பான் கடற்கரை. பனைகளுக்குக் கீழே, எப்போதும் நாங்கள் அடுப்பு மூட்டுகிற இடம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வேலணையிலிருந்து கதிர்காமுவும் நானும், ஊர்காவற்றுறையிலிருந்து வின்சன்றும் சைக்கிளில் வருவோம். செல்வரத்தினத்துக்கு வீடு பக்கத்தில். ஒவ்வொரு முறையும் ஒருவன் பொறுப்பு. கூழுக்குப் பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, மீன், விறகு எல்லாம் அவன் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும்.

இந்த மாதம் செல்வரத்தினத்தின் முறை.

அவன் நெடுந்தீவுக்குப் போன வள்ளம் கடலில் கடற்படையிடம் மறிபட்டது. வெறும் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவந்தார்கள். சிலருடைய உடல்கள் ஒதுங்கின. அவனுடையது ஒதுங்கவில்லை.

அவனை உயிரோடு பிடித்துக்கொண்டு போனார்கள், கடற்படைக் காம்பில் வைத்திருக்கிறார்கள் என்று அவனுடைய தாய், எங்களுக்கு மாமி, சொன்னார். கண்ட ஆள் இருக்கிறது என்றார். அந்த ஆள் யாரென்று நாங்கள் கேட்கவில்லை.

அன்றிலிருந்து கரையோரத்தில் பல வீடுகள் மீன் வாங்குவதில்லை. கடலுக்கு ஆளைக் கொடுத்த வீடு அந்தக் கடலில் பிடித்ததைத் தின்னாது. நண்டை வாசலுக்கே எடுக்காது. ஏன் என்று யாரும் யாருக்கும் விளக்குவதில்லை.

ஆகவே, நண்டு வாங்கிவரச் சொல்லி மாமி வின்சன்றுக்கு ஆள் அனுப்பியபோதே எங்களுக்கு விளங்கிவிட்டது. குடித்தால் செல்வரத்தினம் காம்பில் இருக்கிறான். குடியாவிட்டால் கடலில்.

“வீட்டில காய்ச்சுவம் மாமி,” என்று சொல்லிப்பார்த்தேன்.

“எப்பவும் எங்க காய்ச்சிறனீங்கள்? அங்கதான்.”

பனையோலைப் பிளாக்களை அவரே கோலி வைத்திருந்தார். அகப்பையால் அள்ளி ஒவ்வொருவருக்கும் வார்த்தார். சிவப்பாக, தடிப்பாக விழுந்தது. என்னுடைய பிளாவின் ஓரத்தில் ஒரு நண்டுக்கால் நீட்டிக்கொண்டு நின்றது.

யாரும் வாயில் வைக்கவில்லை. அலை வந்து போனது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவுமில்லை.

“என்ன பாக்கிறியள்? கூழ் ஆறினால் பசை.”

வின்சன்ற் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பிறகு இருமினான். மூக்கால் வடிந்தது.

“மாமி, இது கூழோ, செத்தல் மிளகாய் அவிச்ச தண்ணியோ?”

“குறை சொல்லாமல் குடியும் தம்பி.”

“குறை சொல்லுறதுதான் எங்கட வேலை. உங்கட மோன் இருக்கேக்க...”

“இருக்கிறான்,” என்றார் மாமி. அகப்பை நிற்கவில்லை.

வின்சன்ற் தலையைக் குனிந்துகொண்டான்.

“வரட்டும் அவர்,” என்றான் கதிர்காமு. அவனுடைய குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. “தாயைக் கொண்டு தன்ர முறையைக் கழிச்ச ஆள். இன்னொருக்காக் காய்ச்ச வைக்காமல் விடமாட்டன். விறகும் அவனே கொத்த வேணும்.”

மாமி சிரித்தார். வள்ளம் மறிபட்ட பிறகு அவர் சிரித்து நாங்கள் கண்டதில்லை.

“வையுங்கோ தம்பி. நல்லாக் கொத்த வையுங்கோ.”

அந்தச் சிரிப்புக்காகக் கதிர்காமு குடித்தான். நானும் குடித்தேன்.

கூழ் நன்றாக இருந்தது. நண்டுச் சதை இனித்தது. அந்த இனிப்பை நினைக்காமல் விழுங்கினேன்.

பிறகு சுலபமாகிவிட்டது. ஒரு பெரிய மீன்தலைக்காக வின்சன்றும் கதிர்காமுவும் சண்டை பிடித்தார்கள். “உனக்கேன் மீன்தலை? உள்ள தலையையே நீ பாவிக்கிறேல்லை,” என்றான் கதிர்காமு. எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் கண்ணைத் துடைத்தோம். உறைப்பு அதற்கு வசதியாக இருந்தது.

“உப்புத்தான் கொஞ்சம் காணாது,” என்றான் வின்சன்ற்.

மாமி எழும்புவதற்கு முன் நான் எழும்பிப் போனேன்.

அவர் கொண்டுவந்த ஓலைக் கடகம் பனையடியில் துணி மூடி இருந்தது. உள்ளே உப்புச் சிரட்டை. பக்கத்தில் மூடியோடு ஒரு சின்னச் சட்டி. புளியாக இருக்கும் என்று திறந்தேன்.

கூழ். ஒருவருக்குக் காணும். இன்னும் இளஞ்சூடு.

பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி. ஓடும் இல்லை, முள்ளும் இல்லை. தனக்கென்று வீட்டிலேயே வேறாகக் காய்ச்சி எடுத்துவந்திருக்கிறார்.

மூடினேன். துணியை இருந்த மாதிரியே இழுத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது மற்ற இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமி சிரிக்கவில்லை. நான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, அகப்பையைப் பிடித்தபடி இருந்தார்.

உப்பை வின்சன்றிடம் கொடுத்தேன். பிளாவை மாமியிடம் நீட்டினேன்.

“எனக்கு இன்னும் விடுங்கோ மாமி. நண்டோட.”

அவர் பானையின் அடிவரை துழாவி, இருந்ததில் பெரியதை எடுத்துப் போட்டார். ஓடு உடைகிற சத்தம் கேட்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.