ஒரு சிட்டிகை போதும்

"இது வேலை செய்யுமா அக்கா?"

நெலிடா இப்படிக் கேட்டதும் மூலிகைக்காரி தோமசாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இருபது வருஷமா இந்தச் சந்தையில கடை போட்டிருக்கேன். வேலை செய்யாததையா விப்பேன்? சூப்புல ஒரு சிட்டிகை போடு. அப்புறம் உன் புருஷன் வாசலைத் தாண்டுறானா பாரு! ஆமா, யாரு அவ? உள்ளூர்க்காரியா?"

"பொம்பளையா இருந்தா சடையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்க மாட்டேனா? சிட்டு அக்கா, சிட்டு! கட்டைவிரல் தண்டிச் சிட்டு!"

அவள் புருஷன் எலாதியோ காட்டுக் காவலன். மேகம் இறங்கும் அந்த மலைச்சரிவில், ரீங்காரச் சிட்டுகளில் ஆண் என்று மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. வாலில் இரண்டு நீள இறகுகள், அவற்றின் நுனி நீல நிறத்தில் கரண்டிபோல் விரிந்திருக்கும். அது ஆடும் கிளைக்கு எதிரே போய் உட்கார்ந்தால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கல்யாண நாளை மறப்பான், அது எத்தனை மணிக்கு ஆடியது என்பதை மறக்கமாட்டான்.

"ஒரு வாரமா இன்னும் மோசம்க்கா. விடியறதுக்கு முன்னாடி போறான், இருட்டினப்புறம் வரான். முகம் கொடுத்துப் பேசறதில்லை. இப்படியே போனா நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்."

தோமசா கொஞ்சூண்டு கறுப்புப் பொடியைப் பொட்டலம் கட்டினாள்.

"இதுல என்னக்கா இருக்கு?"

"கேட்டா பலிக்காது."

நெலிடா விலையாகக் கொண்டுவந்த இரண்டு கினிப்பன்றிகளையும் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை உருளைக்கிழங்கு சூப்பில் முழுப் பொடியையும் கொட்டிக் கலக்கினாள். எலாதியோ கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்தான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.

"இனிமே நான் காட்டுக்குப் போகலை நெலி. உன்கூட வீட்லயே இருக்கப்போறேன்."

அடேயப்பா, இவ்வளவு சீக்கிரமா! நெலிடாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே தோமசாவுக்கு ஒரு கோழி கொடுத்துவிட வேண்டும்.

"ஏன்யா திடீர்னு?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு நீள இறகுகளை எடுத்து மேசைமேல் வைத்தான். நுனியில் நீலக் கரண்டி.

"ஒரு வாரமாத் தேடினேன். இன்னைக்குத்தான் புதருக்குள்ள கிடைச்சான். உண்டிவில்லால அடிச்சு, இதயத்தை மட்டும் தோண்டி எடுத்திருக்கானுங்க. காயவெச்சுப் பொடி பண்ணி, வசிய மருந்துன்னு சந்தையில விப்பாங்க. எந்தப் புண்ணியவதி வாங்கிட்டுப் போனாளோ!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான்.

"காலையிலேர்ந்து பட்டினி. இன்னும் கொஞ்சம் ஊத்து. இன்னைக்கு சூப்பு ஏதோ தனி ருசியா இருக்கு."