மறுதலித்தவன்

“ஏனுங்கய்யா, இன்னிக்கும் அந்த மாதேஸ்வரன் போறானுங்க! கையில வேப்பிலை, இடுப்புல மஞ்சத்துணி. ஞானஸ்நானம் வாங்கி முழுசா ஆறு மாசம் ஆவுல!”

சபைக்காரி பொன்னாயி சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாள். மலைச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாருக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த சேதிதான்.

நாளைக்கு ஞாயிறு. பாதிரி துரை டோலியில் மலையேறி வருகிறார். மலைமேல் இந்த வாழவந்தி நாட்டில், அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான். யார் யாருக்குக் கொடுக்கலாம் என்ற பட்டியல் உபதேசியாரின் சட்டைப் பையில் இருந்தது. அதில் மாதேஸ்வரன் பெயரும் உண்டு. அவனுக்கு இதுதான் முதல் விருந்து. பார்க்கும்போதெல்லாம், “இன்னும் எத்தன நாளுங்கய்யா?” என்று கேட்டு அவரைத் துளைத்திருக்கிறான்.

“பேரை அடிச்சாலும் கண்ணால பாத்துட்டு அடிக்கறேன்” என்று கிளம்பினார்.

உபதேசியார் மறைந்து பார்க்க, மாதேஸ்வரன் ஓடையில் தலை முழுகினான். ஈரத்துணியோடு, கையில் ஒரு கலயத்தோடு சாமைக்காட்டு ஓரமாய் நடந்து, நேரே பூசாரி அப்பாசாமி வீட்டுக்குள் நுழைந்தான்.

அந்தப் பூசாரிதான் இவன் கிறிஸ்தவனானதும் ஊரைக் கூட்டியவர். “வேதத்துல சேந்தவன் கையில பச்சத்தண்ணிகூட எவனும் வாங்கக் கூடாது” என்று இவனுக்குக் கட்டுப்போட்டவர்.

உபதேசியார் படலுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தார்.

“யாரது?” பூசாரியின் குரல்.

“வளப்பூர் நாட்டுக்காரனுங்க. ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டு வந்தனுங்க.” மாதேஸ்வரன்தான்; குரலை மாற்றிக்கொண்டிருந்தான்.

“வேதக்காரன் இல்லியே?”

“இல்லீங்க.”

“நெசமா?”

“நெசமாத்தானுங்க.”

“அந்த மாதேஸ்வரன் பய இல்லியே?”

“அவன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க.”

உபதேசியார் விரல்விட்டு எண்ணினார். ஆண்டவரைத் தெரியாதென்ற சீடனைப் போலவே மூன்று தடவை! சேவல் கூவாததுதான் பாக்கி.

காலிக் கலயத்தோடு வெளியே வந்த மாதேஸ்வரன், அவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

“ஆண்டவரையே மறுதலிச்சுப்போட்டியேடா!”

“பூசாரிக்கு அம்மைங்கய்யா. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. பொண்டாட்டி புள்ளைவெல்லாம் பயந்துக்கிட்டுச் செம்மேட்டுப் பக்கம் போயிட்டாங்க. நாங் கண்டப்ப, ரெண்டு நாளா வாய நனைக்கத் தண்ணியில்லாமக் கெடந்தாருங்க. வேதக்காரன்னு சொன்னா கஞ்சிய வாங்க மாட்டாருங்க.”

“அதுக்காவப் பொய்யா? கூழுக்குப் பொறப்புரிமைய வித்த ஏசாவாட்டம், கஞ்சிக்கு விசுவாசத்த வித்துட்டியேடா!”

மாதேஸ்வரன் தலை குனிந்தான்.

“அடிச்சிருங்கய்யா என் பேரை.” கலயத்தைக் கீழே வைத்தான். “ஆனா, அம்மை எறங்கி அவருக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் நான் வருவனுங்க.”

வாசலில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான்.

அம்மை வராமலிருக்கக் குத்திக்கொண்ட தழும்பு உபதேசியாரின் கையில் இருந்தது. ஆனாலும் படலைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பட்டியலை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, மாதேஸ்வரன் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார்.

திரும்பினவரை உள்ளேயிருந்து பூசாரியின் குரல் நிறுத்தியது.

“உபதேசியாருங்களா? கண்ணுதானுங்க மூடிக்கிச்சு, காது நல்லாக் கேக்குது. பத்து வருசம் எங்கூட நின்னு பம்பையடிச்சவன் கொரலு எனக்குத் தெரியாமப் போயிருமுங்களா?”

உபதேசியார் படலருகே திரும்பி வந்தார்.

“அவன் ஆமான்னு சொல்லிட்டான்னா, நான் போட்ட கட்டுக்கு நானே அந்தக் கஞ்சியத் தொடக் கூடாதுங்களே. ‘இல்லீங்க’ன்னு சொல்லோணுமே, சொல்லோணுமேன்னு ஆத்தாள வேண்டிக்கிட்டுத்தானுங்க தெனமும் அவனக் கேக்கறேன்.”