நீக்கப்பட்ட படம்

மூன்றாவது தடவையும் படத்தைக் காணோம். "பதிவு நீக்கப்பட்டது" என்று ஒரே வரி.

தையல்காரம்மா மிஷினை விட்டு எழுந்துவிட்டாள்.

"மறுபடியும் அழிச்சுட்டாங்க!"

"யாரு?" என்றார் கணவர்.

"வேற யாரு? அந்த அட்மின்தான். மூலைக்கடை செல்போன் ரிப்பேர்காரன்."

அந்த வார்டு மக்கள் புகார் எழுத, இணையத்தில் 'கேட்போம்' என்று ஒரு பலகை இருந்தது. எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, அடிக்கல்லோடு நின்றுபோன பாலம் எல்லாம் அதில் வரும். சொந்தப் பேர் போட வேண்டியதில்லை. அவளுக்கு அங்கே 'ஊசி' என்று பேர். அதிகாரிகளும் படிப்பார்கள், படிக்காத மாதிரி இருப்பார்கள்.

அவள் போட்டது குடிநீர்த் தொட்டியின் உள்பக்கப் படம். மூடி உடைந்திருந்தது. தண்ணீரில் ஒரு புறா செத்து மிதந்தது.

தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. அவளுடைய சின்ன மகள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். குடிநீர் ஆபீசில் கேட்டால், "போன மாசம்தானே கழுவினோம்" என்றார்கள்.

அவள் கோபத்தோடு பலகையில் எழுதினாள்: "அட்மின் எவ்வளவு வாங்கினார்?"

"கவரா, பெட்டியா?" என்று ஒருத்தர் கீழே கேட்டார். "பெட்டி கொள்ளாது, சாக்கு" என்றார் இன்னொருத்தர்.

அதை மட்டும் அவன் அழிக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்கே போய்விட்டாள்.

"தம்பி, கவுன்சிலர் உனக்கு என்ன குடுத்தாரு?"

"ஊசி நீங்கதானா?" ஒரு போனைப் பிரித்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தான். "உட்காருங்கக்கா."

"உட்கார வரலை. ஏன் அழிச்சே?"

"தொட்டி மேல எப்படிப் போனீங்க?"

"ஏணியில ஏறித்தான்."

"அது கேட்டுக்கு உள்ளே இருக்கு. கேட் பூட்டியிருக்குமே?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாவி பம்ப் ஆபரேட்டர்கிட்ட மட்டும்தான் இருக்கு. தினக்கூலி ஆளு. இந்தப் படம் வெளியே வந்தா முதல்ல யாரை வீட்டுக்கு அனுப்புவாங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் சொன்னா மேல கேக்க மாட்டேங்கறாங்கம்மா, நீங்களாச்சும் போடுங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டவர் அவர்தான். அவசரத்தில் அவரைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

"இதை அப்பவே எனக்கு எழுதறதுக்கென்ன?"

"எழுதினா அதுவே சாட்சி ஆயிடுமே."

"சரி, சுவர் ஏறிக் குதிச்சு நானே எடுத்தேன்னு சொல்லிடறேன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "இந்தக் கடைப் படி ஏறவே கதவைப் பிடிச்சுக்கிட்டீங்க. எந்த ஆபீசர் நம்புவான், அக்கா?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே? அவர் வேலை போகக் கூடாது. என் பொண்ணு உசிரு போகலாமா?"

அவன் குனிந்து ஸ்குருவைத் தேடினான்.

"பதில் சொல்லு!"

"இப்போதைக்கு என்கிட்ட பதில் இல்லைக்கா."

"அப்ப எதுக்கு 'கேட்போம்'னு பேர் வச்சே? 'பொத்திக்கிட்டு இருப்போம்'னு வை. காசு வாங்கியிருந்தாகூட ஒரு காரணம்னு சொல்லலாம். நீ வெறும் பயந்தாங்கொள்ளி!"

மறுநாள் காலையில் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே?" என்றார் கணவர்.

"குடிநீர் ஆபீசுக்கு. மேஜையில வச்சு, குடிங்க சார்னு சொல்லப் போறேன். அவர் குடிக்கிற வரைக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"போலீசைக் கூப்பிட்டா?"

"அவங்களுக்கும் ஒரு டம்ளர் ஊத்தறேன்."

ஆபீசில் அதிகாரி அவளைக் கவனிக்கும் நிலைமையில் இல்லை. போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"தொட்டியை உடனே காலி பண்ணுங்கய்யா! மருந்து போட்டுக் கழுவுங்க! டிவிக்காரங்க வர்றதுக்குள்ள புது மூடி போடணும்! அதுவரைக்கும் லாரியில தண்ணி அனுப்புங்க!"

பம்ப் ஆபரேட்டர் சுவரோரமாக நின்றிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது.

"கேட் பூட்டித்தான் சார் இருந்துச்சு" என்றார்.

"தெரியும்யா. உன்னை யார் என்ன சொன்னா? அந்தத் தடியனே எழுதியிருக்கானே. அத்துமீறி உள்ளே போனதுக்குப் போலீஸ்ல புகார் குடுத்தாச்சு. நீ போய் வால்வை மூடு."

"யார் சார் அது?" என்றாள் தையல்காரம்மா.

"நீங்களே பாருங்கம்மா இந்த அநியாயத்தை!" அதிகாரி தன் போனை அவள் பக்கம் திருப்பினார்.

'கேட்போம்' பலகைதான். விடிகாலை வெளிச்சம், உடைந்த மூடி, செத்த புறா. முன்னால், முழங்கையெல்லாம் சிராய்த்து ரத்தம் வழிய, ரிப்பேர் கடைக்காரனின் முகம்.

கீழே எழுதியிருந்தான்: "சுவர் ஏறிக் குதித்துப் படம் எடுத்தது நான்தான். கடை விலாசம் கொடுத்திருக்கிறேன். முதலில் தண்ணீரை மாற்றுங்கள், அப்புறம் வந்து என்னைப் பிடியுங்கள்."